கரையில் ஓடிய ஐயாயிரம் கிலோமீட்டர்

எங்கள் துறைக்கு வேகமான படகு ஒன்று வேண்டும் என்று முடிவெடுக்க ஒன்பது வருஷம் ஆனது. அதற்குள் எத்தனை பேர் மூழ்கினார்கள் என்ற கணக்கு எங்களிடம் இல்லை. அது வேறு துறை. எங்களுடையது கடல் மீட்புத் துறை. மீட்கப்பட்டவர்களை மட்டும்தான் நாங்கள் கணக்கில் எடுப்போம். அந்த வகையில் எங்கள் கணக்கு எப்போதும் சுத்தமாக இருக்கும்.

நான் அந்தத் துறையில் குறிப்பு எழுதுகிறவன். கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் எழுத வேண்டும். இருமலையும் தும்மலையும் விட்டுவிடலாம். இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மூன்று இயக்குநர்கள் பாராட்டியிருக்கிறார்கள். நடந்த அநியாயத்தில் அந்தக் கையெழுத்துக்கும் பங்கு உண்டு என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி, தண்ணீருக்கு அடியில் ஒரு மணல்மேடு இருக்கிறது. வெளித்திட்டு என்பார்கள். மீன் அங்கேதான் கிடைக்கும்; காற்றுக் காலத்தில் அலை உடைவதும் அங்கேதான். படகு கவிழ்ந்தால் ஆட்கள் இரண்டு மணி நேரம், கெட்டிக்காரர்கள் என்றால் மூன்று மணி நேரம், எதையாவது பிடித்துக்கொண்டு மிதப்பார்கள். எங்களுடைய பழைய மீட்புப் படகு அங்கே போய்ச் சேர நாலரை மணி நேரம் எடுக்கும். அதை மீட்புப் படகு என்று சொன்னது ஒரு மரியாதைக்காகத்தான்.

ஒரு மணி நேரத்துக்குள் போகிற படகு வேண்டும். படகின் உடம்பைக் கட்டியாகிவிட்டது, எஞ்சின் கேட்டு எழுதினால் மூன்று வருஷம் காத்திருங்கள் என்று பதில் வந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் இயக்குநர் காரில் போகும்போது, கல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று அவரை முந்திக்கொண்டு மேட்டில் ஏறியது. மறுநாளே கூட்டம் போட்டு, லாரி எஞ்சினைப் படகில் வைத்தால் என்ன என்று கேட்டார். தமாஷ் என்னவென்றால், அவர் பதவிக்கு வந்ததிலிருந்து சொன்ன ஒரே உருப்படியான யோசனை அதுதான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு அதைச் சுற்றி நடந்தவை.

இதற்காகப் போக்குவரத்துத் துறைப் பணிமனையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். ஐம்பதை நெருங்கியவர். பேச்சு குறைவு, பேசினாலும் எஞ்சினைப் பற்றித்தான். ஓடுகிற எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து, எந்த இன்ஜெக்டர் சரியில்லை என்று சொல்லிவிடுவார். மனிதர்கள் பேசுவதுதான் அவருக்குச் சட்டென்று பிடிபடாது. எங்கள் அலுவலகத்தில் முதல் வாரம் முழுக்க, யாராவது பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "இப்ப என்ன சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுதியதைக் காட்டுவேன். படித்துவிட்டு இன்னும் குழம்பிப்போவார்.

இந்த வேலையை அவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு ஒரே தங்கை. தங்கை கணவர் மீன்பிடிப் படகில் போகிறவர், அதுவும் வெளித்திட்டுக்கே போகிறவர். காற்றுக் காலத்தில் தங்கை வீட்டில் ரேடியோவை அணைக்கவே மாட்டாளாம். "அண்ணா, உன் போட்டு வந்துட்டா நான் நிம்மதியா கண்ணை மூடுவேன்" என்று அவள் சொன்னதை என்னிடம் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளை கேலிக்காரர். உங்க லாரி வந்து தூக்கணும்னா நான் முதல்ல விழணுமே மச்சான், ரெண்டையும் ஒரே நாள்ல வச்சுக்கலாம் என்பாராம். அந்த மனிதருக்காகத்தான் மெக்கானிக் மூன்று வாரம் பழைய லாரி எஞ்சின்களின் நடுவே நோட்டும் கையுமாக அலைந்தார்.

பதினெட்டு எஞ்சின்களைப் பார்த்தார். எடைக்கு எவ்வளவு சக்தி, கிராங்க் தண்டு எவ்வளவு தடிமன், உதிரி பாகம் நம் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் டிப்பருக்குப் போடுகிற ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினில் வந்து நின்றார். படகுக்காகத் துறை போட்டிருந்த குழுவுக்கு அவர் சொன்ன விளக்கம் ரொம்ப எளிமையானது. லாரி மேட்டில் ஏறும்போதுதான் முழு மூச்சும் விடும், இறக்கத்தில் இளைப்பாறும். படகுக்கு இறக்கமே கிடையாது. "கடல் பூரா மேடுதான் சார்" என்றார். அதனால் மேடு ஏறியே பழகிய எஞ்சின் வேண்டும், அதையும் அதன் முழுச் சக்திக்கு ஒரு படி கீழே வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றார்.

ஆறைவிட எட்டுதானே பெரியது என்று ஒரு உறுப்பினர் கேட்டார். எட்டு சிலிண்டர் கனம் சார், படகு எழும்பாது என்றார் மெக்கானிக். அந்த உறுப்பினர் தம் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னார். பதிவு செய்தேன்.

ஆறு சிலிண்டர், இரண்டு எஞ்சின் என்று முடிவானது. கூட்டம் கலையும் நேரத்தில் இயக்குநர் பெருந்தன்மையாக, மெக்கானிக் வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் தம்மையே பார்ப்பதைக் கண்டு, சும்மா இருந்தால் மரியாதையில்லை என்று நினைத்து வாயைத் திறந்தார்.

"புது எஞ்சின்தானே சார்... லாரின்னா முதல் ஐயாயிரம் கிலோமீட்டர் நாப்பதுக்கு மேல போகாதப்பான்னு டிரைவர்கிட்ட சொல்லி அனுப்புவோம்."

அவ்வளவுதான் சொன்னார். பணிமனை வாசலில் டிரைவர்களிடம் ஆயிரம் தடவை சொன்ன பேச்சு, பழக்கத்தில் வந்துவிட்டது. நான் அதை ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். அடுத்த வாரம் தட்டச்சாகி வந்தபோது அது பதினான்காம் விதியாகியிருந்தது. "முதல் ஐயாயிரம் கிலோமீட்டர் வரை எஞ்சின் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டலாகாது. தொழில்நுட்ப அறிவுரை: மெக்கானிக்." தம் பெயர் போடாவிட்டாலும் தம்மைக் குறிப்பிட்டிருக்கிறார்களே என்று அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

எஞ்சின்கள் வந்தன. அவர் வேலை செய்ததைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். காற்றில் குளிர்ந்த எஞ்சினைத் தண்ணீரில் குளிர வைக்க வேண்டும். ரேடியேட்டரையும் விசிறியையும் கழற்றி, கடல்நீரை உறிஞ்சி உள்ளே அனுப்பும் பம்பையும் குழாய்க் கூலரையும் பொருத்தினார். புகைக் குழாயில் தண்ணீர் பாய வைத்தார். இல்லாவிட்டால் படகு தீப்பிடித்துவிடும். லாரி கியர்பாக்ஸை எடுத்துவிட்டுப் படகு கியர்பாக்ஸை மாட்ட, நடுவில் ஒரு இரும்புத் தட்டைத் தாமே கடைசலில் கடைந்தார். படகில் எஞ்சின் சரிந்து உட்காரும் என்பதால் ஆயில் ஒரு பக்கமே தேங்கிவிடாமல் அடித்தொட்டியை வெட்டி ஒட்டினார். நாலு மாதத்தில் விரல் நகம் ஒன்றுகூட முழுசாக இல்லை.

பதிவுக்கு முன்னால், ஒரு நாள் காலையில், படகோட்டியும் அவரும் நானுமாக வெளியே போனோம். அரை மணி நேரம் மெதுவாக ஓட்டினார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்தார். புது எஞ்சினுக்கு அதுதான் பிடிக்கும் என்றார். பிறகு கைப்பிடியை முழுக்கத் தள்ளினார். மூக்கு தூக்கியது, பின்பக்கம் எழுந்தது, படகு தண்ணீரை உழுவதை விட்டுத் தண்ணீர்மேல் ஏறிக்கொண்டது. மணிக்கு எழுபது கிலோமீட்டர். ஆறு நிமிஷம் அப்படிப் போனோம். படகோட்டி சத்தம் போட்டுச் சிரித்தார், மெக்கானிக் எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பதிவுக்கு முன்னால் ஓடியதால் அந்த ஓட்டம் சட்டப்படி நடக்கவில்லை. நானும் எழுதவில்லை.

பிறகு பதிவு. லாரி எஞ்சின் என்பதால் கோப்பு எங்கள் பதிவேட்டு அதிகாரியின் வாகனப் பிரிவுக்குப் போனது. அவர் நேர்மையானவர். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார், அதனால் அவரை ஒன்றும் செய்ய முடியாது. படிவத்தில் டயர்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் மெக்கானிக் பூஜ்யம் போட்டார். டயர் இல்லாத வாகனத்தைப் பதிய முடியாது என்று திரும்பி வந்தது. இரண்டு மாதம் கழித்து, படகு கரையில் உரசாமலிருக்கப் பக்கவாட்டில் பழைய டயர்கள் தொங்குவதைப் படகோட்டி காட்டினார். எண்ணிப் பார்த்தோம். பத்து. அதிகாரிக்கு ரொம்பத் திருப்தி, டிப்பருக்கும் பத்துதான் என்றார். பிரேக்கைக் காட்டச் சொன்னார், நங்கூரத்தைக் காட்டினோம். அதைக் கைபிரேக் என்று எழுதிக்கொண்டு, கால்பிரேக் பொருத்த மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்.

கழற்றிப் போட்ட ரேடியேட்டர், விசிறி, லாரி கியர்பாக்ஸ் எல்லாம் இரண்டிரண்டு கிடந்தன. வாகனத்தின் பாகம் வாகனத்தோடுதான் இருக்க வேண்டும், பிரித்து வைத்தால் அரசுச் சொத்தைச் சிதைத்த குற்றம் என்றார் அதிகாரி. அத்தனையையும் படகின் பின்தளத்தில் போல்ட் போட்டு முடுக்கினோம். ஒரு கியர்பாக்ஸே முந்நூறு கிலோவுக்கு மேல். மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எதுக்குங்க இதெல்லாம்?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்ல.

புதுப்படகு பதிவான அன்றே பழைய படகை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். ஒரு துறைக்கு ஒரு படகு என்பது விதி.

அடுத்து பதினான்காம் விதி. லாரியில் மணிக்கு நாற்பது என்றால் எஞ்சின் நிமிஷத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்று சுற்றும். டீசல் பம்பின் திருகை அந்த அளவில் நிறுத்தி, கம்பி கட்டி, ஈயச் சீல் வைத்தார்கள். லாரிக்கு அது போதும். படகுக்கு அது வேறு கதை. அந்தச் சுற்றில் படகு தண்ணீர்மேல் ஏறவே ஏறாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு, மணிக்குப் பதினாலு கிலோமீட்டர் போகும். வெளித்திட்டுக்கு நாலேகால் மணி நேரம். பழைய படகைவிடப் பதினைந்து நிமிஷம் மிச்சம் என்று இயக்குநர் அறிக்கை விட்டார்.

உப்புத் தண்ணீரில் புது எஞ்சினைப் பழக்குவது ஆபத்து என்று ஒரு உறுப்பினர் சொன்னதால் படகைத் துறைமேடையில் கட்டிவைத்தே ஓட்ட முடிவானது. கியர் போட்டு ஓட்டியதில் மேடையின் தூண்கள் ஆட ஆரம்பித்தன. அதனால் கியர் இல்லாமல் ஓட்டச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் ஓடினால் ஓட்ட நோட்டில் நாற்பது கிலோமீட்டர் என்று எழுத வேண்டும். எழுதுகிற கூடுதல் பொறுப்பு எனக்கு. பக்கத்து அலுவலகங்களின் தலைவலியை உத்தேசித்து ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான். பதிவேட்டில் இரண்டு எஞ்சினும் இரண்டு லாரி. ஒரே ஓட்டுநர் ஒரே நேரத்தில் இரண்டு லாரியை ஓட்டக் கூடாது. ஆகவே இன்றைக்கு இடது எஞ்சின், நாளைக்கு வலது எஞ்சின். ஐயாயிரம் முடிய அரை வருஷத்துக்கு மேல் ஆகும் என்று நான் மனக்கணக்குப் போட்டேன். படகு இருந்த இடத்தில் நின்றுகொண்டு தினமும் எண்பது கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது மாதம் மெக்கானிக் இயக்குநரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். அவர் வாழ்நாளில் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியிருக்க மாட்டார். புது எஞ்சினைப் பாரமே இல்லாமல் இப்படி ஓட்டினால் சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழத்துப்போகும், பிஸ்டன் ரிங் பிடிக்காது, ஆயிலைக் குடிக்கும், அப்புறம் என்ன செய்தாலும் சக்தி வராது என்று படம் போட்டுக் காட்டினார். தாம் சொன்னது டிரைவர்களுக்குச் சொன்ன பேச்சு, படகுக்கு இல்லை என்றார். அந்த வரியை எடுத்துவிடும்படி கெஞ்சினார்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார்.

"நீங்க சின்ன ஆளு, நீங்க சொன்னது எதுக்குன்னு நாங்க தள்ளிவிட்டிருக்கலாம்" என்றார். "தள்ளலை. ஒரு மெக்கானிக் சொன்ன வார்த்தையை ஒரு துறையே விதியா வச்சு நடக்குது. வேற எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? இப்ப நீங்களே வந்து அதை மாத்துங்கன்னா, அன்னைக்குப் பேசின மெக்கானிக்கை நம்பறதா, இன்னைக்குப் பேசற மெக்கானிக்கை நம்பறதா? அவர் எழுத்துல இருக்கார். நீங்க வெறும் வாயில இருக்கீங்க."

வெளியே வந்ததும் மெக்கானிக் என்னைக் கேட்டார், "நீங்க அன்னைக்கு ஏன் எழுதுனீங்க?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்த மாதங்களில் கடல் அடங்கியிருந்தது. எங்கள் துறையைக் காப்பாற்றியது கடல்தான். இடது எஞ்சின் நாலாயிரத்து அறுநூற்று நாற்பதும் வலது எஞ்சின் நாலாயிரத்து ஐந்நூற்று அறுபதும் ஓடி முடித்திருந்தபோது காற்று திரும்பியது. இரண்டும் ஏற்கெனவே நீலப்புகை விட ஆரம்பித்திருந்தன.

மதியம் ஒன்று பத்துக்கு ரேடியோவில் அழைப்பு வந்தது. வெளித்திட்டில் ஒரு படகில் தண்ணீர் ஏறுகிறது, நாலு பேர் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துபோனது. படகின் எண்ணைக் கேட்டதும் மெக்கானிக் சுவரில் சாய்ந்துவிட்டார். அது அவருடைய மாப்பிள்ளை போகிற படகு. அழைத்த குரலும் மாப்பிள்ளையுடையதுதான்.

நாங்கள் இயக்குநர் அறைக்கு ஓடினோம். அவர் பதிவேட்டு அதிகாரியை வரவழைத்தார். இரண்டு எஞ்சினையும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டுமானால் இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்றார் அதிகாரி. யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். நான் இருந்தேன். என்னை வலது எஞ்சினின் தற்காலிக ஓட்டுநராக நியமிக்கும் உத்தரவை நானே எழுதி, நானே தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு வைத்தேன். நாற்பது நிமிஷம் ஆனது. சீல்களை எடுக்க அனுமதி கேட்டார் மெக்கானிக். அவர் குரல் உடைந்திருந்தது.

"இன்னும் ஒண்ணுக்கு முந்நூத்தி அறுபது, ஒண்ணுக்கு நானூத்தி நாப்பதுதான் பாக்கி" என்றார் இயக்குநர். அவர் கண்ணிலும் ஈரம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். "குழந்தையை வளர்க்கற மாதிரி வளர்த்திருக்கோம். இன்னைக்கு ஒரு நாலு பேருக்காகக் கெடுத்துட்டா, நாளைக்கு வர்ற நானூறு பேருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? போயிட்டு வாங்க. நிதானமா போயிட்டு வாங்க."

துறைமுக வாயைத் தாண்டியதும் மெக்கானிக் குறடு ஒன்றை எடுத்து இரண்டு சீல்களையும் வெட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். படகோட்டி கைப்பிடியை முழுக்கத் தள்ளினார். எஞ்சின்கள் கத்தின. பின்னால் நீலமும் கறுப்புமாகப் புகை எழுந்து கரையையே மறைத்தது. படகு எழும்பவில்லை. மூக்கைத் தூக்கியபடி தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போனது. மெக்கானிக் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்தளத்துக்குப் போனார். ரேடியேட்டர், விசிறி, கியர்பாக்ஸ் எல்லாவற்றின் போல்ட்டையும் கழற்றி, நாங்கள் இரண்டு பேருமாகக் கடலில் உருட்டித் தள்ளினோம். என் வாழ்நாளில் அரசாங்கத்துக்கு எதிராக நான் செய்த ஒரே காரியம் அது. மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் வந்தது. அதற்குமேல் வரவில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது மணி நாலே முக்கால் இருக்கும். ஒரு ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் மிதந்தார்கள். நாலாவது ஆள் இல்லை. மேலே இழுத்துப் போட்டதும் அவர்களில் பெரியவர், மெக்கானிக்கை அடையாளம் தெரிந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பதாங்க. ஒரு கால் மணி நேரம் இருக்கும். அது வரைக்கும் பேசிட்டேதான் இருந்தாரு. மச்சான் லாரி வந்துரும், சத்தம் கேக்குதா பாருங்கடான்னு சொல்லிட்டே இருந்தாரு. நாங்களும் கேட்டுட்டே இருந்தோம்."

மெக்கானிக் எஞ்சினை அணைக்கச் சொன்னார். இருட்டும் வரை அங்கேயே சுற்றித் தேடினோம். கிடைக்கவில்லை.

விசாரணை ஒரு மாதம் நடந்தது. குறிப்பு எழுதியது நான். எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்ததில் சிலிண்டர் சுவர்கள் கண்ணாடி மாதிரி இருந்தன. பதினான்காம் விதி முழுமையாகும் முன் சீலை உடைத்து வேகமாக ஓட்டியதே காரணம் என்று தீர்ப்பானது. இரண்டு கியர்பாக்ஸ் கடலில் போனதற்கு மெக்கானிக்குக் கண்டனம் தெரிவித்தார்கள். நானும் சேர்ந்துதான் தள்ளினேன் என்று சொன்னேன். குறிப்பெழுத்தர் பேசுவது குறிப்பில் வராது என்றார்கள். மூன்று பேரைக் காப்பாற்றியதற்காகத் துறைக்குப் பாராட்டு வந்தது. நூற்றுக்கு எழுபத்தைந்து என்று இயக்குநர் மேடையில் சொன்னார்.

புது எஞ்சின்கள் இரண்டு வாங்கினார்கள். கியர்பாக்ஸோடு. அனுபவம் உள்ளவர் என்பதால் மெக்கானிக்கையே பொருத்தச் சொன்னார்கள். வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று என்னிடம் சொன்னார். ஆனால் இப்போது அவர் இரண்டு குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டும். பொருத்தினார். ஆயிரத்து இருநூறில் சீல் வைத்தார்கள். பழக்குவதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க உத்தரவானது. துயரத்திலிருந்து துறை பாடம் கற்றுக்கொண்டதன் அடையாளமாக, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்பதை மூன்று மணி நேரமாக்கினார்கள்.

கூடவே இன்னொரு உத்தரவும் வந்தது. இறந்தவரின் மனைவிக்குக் கருணை அடிப்படையில் வேலை. எங்கள் துறையில் காலியாக இருந்தது ஒரே ஒரு வேலைதான், நான் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருந்த வேலை. அந்த உத்தரவையும் நான்தான் தட்டச்சு செய்தேன். மெக்கானிக் வேண்டாம் என்று தங்கையிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். ரெண்டு பிள்ளைங்க இருக்கு அண்ணா என்று மட்டும் சொன்னாளாம்.

முதல் நாள் காலை பத்து மணிக்குத் தங்கை வந்தார். துறைமேடையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நோட்டைக் கொடுத்து, ஒரு மணி நேரம் ஆனதும் இந்தக் கட்டத்தில் நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினேன். எதற்கு நாற்பது என்று கேட்டார். லாரியாக இருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்கும் என்றேன். மெக்கானிக் இடது எஞ்சினைப் போட்டுவிட்டு, தங்கை முகத்தைப் பார்க்காமல், எஞ்சின் பக்கமே திரும்பி நின்றுகொண்டிருந்தார். கட்டிய கயிறு தளர்வதும் இழுப்பதுமாக இருந்தது. எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது, ஆனாலும் போக மனமில்லாமல் நின்றேன்.

பதினோரு மணிக்குத் தங்கை நாற்பது என்று எழுதினார். கையெழுத்து தெளிவாக இருந்தது. பிறகு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றரை ஆனதும் தலையை நிமிர்த்தினார்.

"அண்ணா, அறுபது ஆயிருக்கும்ல?"

மெக்கானிக் திரும்பினார். "ஆயிருக்கும்மா. வெளித்திட்டுதான்."

"கொஞ்சம் நிறுத்து."

இடையில் நிறுத்தினால் அன்றைய கணக்கு செல்லாது என்று ஒரு விதி உண்டு. நான் வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக் எஞ்சினை அணைத்தார். அலை டயர்களில் வந்து மோதுவது கேட்டது. தங்கை நாற்காலியிலிருந்து எழுந்து, மேடை விளிம்பில் போய் நின்று, படகைச் சுற்றிக் கிடந்த தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரொம்ப நேரம் தேடிப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்து, பேனாவை எடுத்தார்.

"சரி, போடு அண்ணா" என்றார். "திரும்பி வரணும்ல."